கல்யாணம் முடிந்த பிறகு சவுரியை என்ன செய்கிறீர்கள்?

மனித முடியில் செய்த சவுரி தலையில் இருக்கும்போது பெரும்பாலும் கெடுவதில்லை. கழற்றிய பிறகுதான் கெடுகிறது. வரவேற்பு முடிந்து மணப்பெண் அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவை நெருங்கியிருக்கும். காலில் வலி, கண்ணில் தூக்கம். உடனிருக்கும் அத்தையோ சித்தியோ ஊசிகளைப் பிடுங்கி, பூவும் ஜடைபில்லையும் சிக்கியிருக்கும் ஜடையை அப்படியே உருவி எடுத்து, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பையில் திணித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். விருந்து, மறுவீடு எல்லாம் ஓய்ந்து பையைத் திறந்தால் அழுகிய மல்லிகையின் வாடை வரும். ஸ்ப்ரே இறுகி, வியர்வை காய்ந்து, முடி கட்டையாகக் கிடக்கும்.

திருச்சியில் மணப்பெண் அலங்காரமும் நாட்டிய மாணவிகளுக்குச் சிகை அலங்காரமும் செய்வது என் தொழில். வாடகைக்குக் கொடுக்கவென்று சொந்தமாகச் சவுரிகளும் வைத்திருக்கிறேன். அதனால் ஒரே முடியைப் பல கல்யாணங்கள், பல அரங்கேற்றங்கள் வழியாகப் பார்த்துவரும் வாய்ப்பு எனக்கு உண்டு. நன்றாகப் பேணினால் ஒரு நல்ல சவுரி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பேணாவிட்டால் ஒரே முகூர்த்தத்தில் முடிந்துவிடும்.

காரணம் எளியது. நம் தலையில் இருக்கும் முடிக்கு உச்சந்தோலிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறிக்கொண்டே இருக்கிறது. வெட்டி எடுத்த முடிக்கு அது கிடையாது. நாம் கொடுப்பதுதான் அதற்கு. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அப்படியானால் 24 அங்குல நீளமுள்ள முடியின் நுனிக்கு, அதை வெட்டும்போதே 4, 5 வயது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் கண்ட முனை அது. இழுத்த இழுப்புக்கெல்லாம் அது தாங்காது.

வாங்கும்போதே பாதிப் பராமரிப்பு தீர்மானமாகிவிடுகிறது என்பேன். முடியின் மேல்புறம் முழுக்க மெல்லிய செதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். கோயில்களில் பெண்களின் நீளமான முடியைக் கட்டிவிட்டு மழிப்பதால், வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கும். செதில்களும் ஒரே திசையில் இருக்கும். இதைத்தான் கடைகளில் ரெமி முடி என்கிறார்கள். மற்றொரு வகை, சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்து வைத்துத் தெருவில் வரும் வியாபாரியிடம் ஊசிக்கும் பாத்திரத்துக்கும் மாற்றிக்கொள்கிறோமே, அந்தச் சிக்கு முடி. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஒன்றின் செதில் இன்னொன்றின் செதிலில் மாட்டிக்கொள்ளும். அது சிக்காமல் இருக்க, அமிலத்தில் நனைத்துச் செதில்களைக் கரைத்து, மேலே சிலிக்கான் பூச்சு கொடுத்து விற்பார்கள். கடையில் பார்க்கும்போது ரெமியைவிட இதுதான் பளபளக்கும்! சில முறை அலசியதும் பூச்சு போய்விடும். பிறகு நீங்கள் என்ன பாடுபட்டாலும் அது சிக்கும். அதில் உங்கள் பராமரிப்பின் மேல் தவறு இல்லை.

எனவே கடையிலேயே ஒரு கற்றையை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வரவேண்டும். பிறகு நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள். லேசாகத் தடுக்கவேண்டும், சொரசொரப்புத் தெரியவேண்டும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வழுக்கினால் அதன்மேல் பூச்சு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செயற்கை இழை கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஓரிரு முடியை உருவி நெருப்பில் காட்டுங்கள். மனித முடி தீய்ந்த நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும். பிளாஸ்டிக் இழை உருகி, ஆறியதும் கெட்டியான சிறு மணியாக நிற்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முடி எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். திருமலையில் முடிகாணிக்கை செலுத்தும் இடமான கல்யாணக்கட்டாவில் இறங்கும் முடியை நீளவாரியாகத் தரம் பிரித்துத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. பழநியிலும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சமயபுரத்திலும் நாள்தோறும் முடியிறக்கம் நடக்கிறது. 2004-ஆம் ஆண்டு, இந்தியக் கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடியால் செய்த விக்குகளை அணியக்கூடாது என்று இஸ்ரேலின் முன்னணி யூத மதகுரு ஒருவர் தீர்ப்புச் சொன்னபோது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் யூதர்கள் பலர் தங்கள் வீட்டு விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவர்களுடைய மதக் காரணம் வேறு. ஆனால் தலையில் வைப்பது யாருடைய முடி, எதற்காகக் கொடுத்தது என்று அவர்கள் விசாரித்தார்கள். எனக்கும் அந்த நினைப்பு எப்போதும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவேண்டும் என்றோ, வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியவேண்டும் என்றோ ஒரு பெண் ஆசையாக வளர்த்ததைக் கொடுத்திருப்பாள். அதைக் குப்பைப்பையில் பார்க்க எனக்கு மனம் வராது.

புதிதாக வாங்கியதை நேராகத் தலையில் கட்டாதீர்கள். சந்தையில் கிடைக்கும் கறுப்பு முடி சாயம் ஏற்றியதாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து முடியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே கட்டவேண்டும். ஆனி மாதப் புழுக்கத்தில் முகூர்த்தம் நடந்து, வியர்வையோடு சாயம் இறங்கி, அரக்குப் பட்டின் முதுகுப்பக்கம் கறுத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டில் ஏறிய சாயத்தை எடுப்பது லேசில்லை.

இனி அந்தக் கல்யாண இரவுக்கு வருகிறேன். ஜடையைக் கழற்றும்போது முதலில் பூவை எடுக்கவேண்டும். சரத்தைப் பிடித்து இழுத்தால் நாரோடு முடியும் அறுந்து வரும். சிறிய கத்தரிக்கோலால் நாரை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் நறுக்கிவிட்டால் பூ தானாக உதிரும். அடுத்து ஜடைபில்லை, ராக்கொடி. இவற்றின் கொக்கிகளில்தான் முடி அதிகம் மாட்டுகிறது. கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டு அந்தப் பக்கமாகவே கழற்றுங்கள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். குஞ்சலத்தைத் தனியாக அவிழ்த்துவிடுங்கள். பிறகு சவுரியின் மேல்முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்னலை நுனியிலிருந்து மேல்நோக்கி அவிழ்த்து வாருங்கள். கால் மணி நேர வேலை. அலுப்பில் அன்றிரவு அலச முடியாவிட்டால் பரவாயில்லை. பூவையும் ஊசிகளையும் மட்டும் நீக்கி, பருத்தித் துண்டின்மேல் விரித்துப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பைக்குள் மட்டும் போடாதீர்கள்.

ஸ்ப்ரே அடித்து இறுகிய முடியைச் சீப்பால் வெல்ல முடியாது. தண்ணீர் படுவதற்கு முன்பே, உலர்ந்த முடியில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஸ்ப்ரே இளகும். அதன்பிறகு அகலப் பல்லுள்ள மரச்சீப்பை எடுத்து நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி நான்கு விரற்கடை நீளம் சிக்கில்லாமல் வந்த பிறகு அடுத்த நான்கு விரற்கடை. மேலிருந்து ஒரே வீச்சில் சீவினால் எல்லாச் சிக்கும் கீழே இறங்கி ஒரே முடிச்சாகிவிடும். பிறகு அதை வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

அலசுவதற்கு வாயகன்ற பேசின் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவைக் கரைத்து, மேல்முடிச்சைப் பிடித்துக்கொண்டு முடியை மேலும் கீழுமாக அலசி எடுங்கள். துணி துவைப்பதுபோல் கசக்கக்கூடாது, சுருட்டிப் பிழியவும் கூடாது. ஈரமுடி உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும், அதனால் எளிதில் அறும். சீயக்காய்த்தூளை நம் தலைக்குத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் துகள்கள் சவுரியின் கட்டுக்குள் போய்த் தங்கிவிடும், எத்தனை அலசினாலும் வராது. சீயக்காய்தான் வேண்டுமென்றால் கொதிக்கவைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஷாம்பூ போனதும் நடுவிலிருந்து நுனிவரை கண்டிஷனர், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அலசல்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாயில் காவிரித் தண்ணீர், மோட்டார் போட்டால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஒரே சவுரியைக் காவிரித் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் விரலில் ஒழுகும். போர்த் தண்ணீரில் அலசினால் நார்போல விறைக்கும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிவதுதான் காரணம். நல்ல தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் கடைசி அலசலுக்கு மட்டுமாவது வடிகட்டிய குடிநீரையோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக ஊற்றினால் சொரசொரப்பு அடங்கும். விலை உயர்ந்த சீரம் வாங்குவதைவிட இந்த ஒரு செம்புத் தண்ணீரை நான் நம்புகிறேன்.

காயவைப்பதில்தான் அவசரப்படுகிறோம். துண்டுக்குள் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். நேர் வெயிலில் கறுப்பு முடி செம்பட்டை அடிக்கும். ஆடி மாதத்தில் திருச்சியில் வீசும் காற்றில் மாடியில் தொங்கவிட்டால், காய்வதற்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த மாதத்தில் அறைக்குள்ளேதான் காயவைப்பேன். நுனி சீக்கிரம் காய்ந்துவிடும், தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். நூலால் இறுக்கிக் கட்டிய மேல்முடிச்சுக்குள் ஈரம் இருக்கும். அதை விரலால் நசுக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் இன்னும் ஒரு நாள் தொங்கட்டும்.

தேங்காய் எண்ணெய் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நூலில் கட்டிய சவுரிக்கு வைக்கலாம். முடிக்குள் ஊடுருவக்கூடிய எண்ணெய் அது. அலசுவதற்கு முந்தைய நாள் இரவு, உள்ளங்கையில் சில சொட்டு விட்டு நன்றாகத் தேய்த்து, நடுவிலிருந்து நுனிவரை மட்டும் உருவிவிடுங்கள். மேல்முடிச்சில் பட்டால் நூல் வழுக்கி முடி உதிரத் தொடங்கும். சொந்த முடியோடு டேப்பாலோ பசையாலோ ஒட்டும் முடிக்கற்றையான எக்ஸ்டென்ஷன் என்றால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் எந்த எண்ணெயும் போகக்கூடாது. பசையை இளக்குவதற்கே எண்ணெய்தான் மருந்து.

கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பெண் ஒருத்தி அங்கேயே டேப் எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். நேர்த்தியான வேலை, எது சொந்த முடி எது ஒட்டியது என்று தெரியாது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் நலங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக அருகம்புல்லில் எண்ணெய் தொட்டு உச்சியில் வைத்தார்கள். பாட்டிக்கு அது போதவில்லை. "தலைக்கு எண்ணெய் வைக்காமல் பெண்ணை மணையில் உட்கார வைப்பதா?" என்று உள்ளங்கை நிறைய நல்லெண்ணெயை எடுத்துத் தேய்த்துக் குளிக்கவும் வைத்துவிட்டார். விடியற்காலை நான் போய்ச் சீப்பை வைத்தபோது டேப்கள் ஒவ்வொன்றாக நழுவிக் கையோடு வந்தன. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிந்த மங்கலம் அது. பாதி நழுவியதை மறுபடி ஒட்டப் பார்ப்பது வீண் வேலை. மிச்சமிருந்த பசைமேல் தேங்காய் எண்ணெய் வைத்து இளக்கி எல்லாவற்றையும் எடுத்தேன். தலையை ஒருமுறை அலசி உலர்த்தி, மூன்று கால் சவுரி வைத்துப் பின்னினேன். ஜடை முழுக்கப் பூ தைத்தபின் ஒரு குறையும் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பெண்களிடம் இப்போதெல்லாம் முன்பே சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் வைக்கும் சடங்கு முடியும்வரை எதையும் ஒட்டிக்கொள்ளவேண்டாம், கிளிப் வகையோ சவுரியோ போதும்.

தினமும் எக்ஸ்டென்ஷன் அணிகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். டேப் வகையை 6 முதல் 8 வாரத்துக்குள் எடுத்து மறுபடி ஒட்டவேண்டும். சொந்த முடி வளர வளர டேப் கீழே இறங்கி, அடியில் சிக்குப் போட ஆரம்பிக்கும். கிளிப் வகையைத் தூங்கும்முன் கட்டாயம் கழற்றிவிடவேண்டும். ஒட்டியதோடு தூங்குகிறவர்கள் முடி நன்றாக உலர்ந்தபின் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள்.

சுருட்டவோ நேராக்கவோ சூட்டுக் கருவி பயன்படுத்தினால் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டாதீர்கள். ஒரு கற்றைக்கு ஒரு முறை போதும். சூட்டை அளக்க வழியில்லாத பழைய கருவி என்றால் முதலில் மெல்லிய வெள்ளைத் தாளை அதன் நடுவே வைத்து எடுங்கள். தாள் பழுப்பேறினால் அந்தச் சூடு முடிக்கு ஆகாது. நிறம் மாற்ற ஆசைப்பட்டால் கருமையாக்கலாம், வெளுக்கவேண்டாம். ஏற்கெனவே பதப்படுத்திய முடி இன்னொரு வெளுப்பைத் தாங்காமல் பஞ்சாகிவிடும்.

கடனாகக் கொடுத்து வாங்குவதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நாட்டிய நிகழ்ச்சி என்றால் ஒரே சவுரியை அக்கா, தங்கை, தோழி என்று மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். பேனும் ஈரும் அப்படித்தான் வீடு மாறுகின்றன. தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் இரத்தம் கிடைக்காமல் செத்துவிடும். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதனால் திரும்பி வந்த சவுரியை ஈர்கொல்லியால் வாரி, அலசி, இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகே அடுத்தவருக்குத் தருவேன். அவசரமாக யார் கேட்டாலும் இதில் தளர்த்துவதில்லை.

வைக்கும் முறையும் முக்கியம். முழுதாக உலர்ந்தபின் தளர்வாகப் பின்னி, நுனியில் பருத்தி நூலால் கட்டி, பழைய பட்டுத்துணியிலோ மெல்லிய வேட்டித்துணியிலோ சுற்றித் துணிப்பையில் வையுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சி முடியையும் அரிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறிப் பார்க்கவேண்டும். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த மாதம் எனக்குச் சவுரிகளைச் சீராக்கும் மாதம். எல்லாவற்றையும் பிரித்து, தளர்ந்த கட்டுகளைச் சவுரி கட்டுபவரிடம் கொடுத்து இறுக்கி வாங்குவேன். கழன்று விழுந்த முடிகளை மறுபடி உள்ளே செருகிவிடாதீர்கள். வேரும் நுனியும் திசை மாறிப் போனால் அந்த இடத்திலிருந்து சிக்கு தொடங்கும்.

முடி அடர்த்தியாக இல்லாத பெண்கள்தான் சவுரியை அதிகம் நாடுகிறார்கள். அவர்கள் தலைதான் பாரத்தை அதிகம் தாங்கமுடியாத தலையும். சவுரி, பூ, ஜடைபில்லை எல்லாம் சேர்ந்த கனம் வேரை இழுக்கிறது. ஒரு நாள் இழுப்பால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் ஒத்திகைக்கெல்லாம் இறுக்கிக் கட்டும் நாட்டிய மாணவிகளுக்குக் காதுக்கு மேலேயும் நெற்றி ஓரத்திலும் முடி ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். தோல் மருத்துவர்கள் இதை டிராக்‌ஷன் அலோபீசியா என்கிறார்கள். தொடக்கத்தில் கவனித்தால் திரும்ப வளரும், நெடுநாள் விட்டால் வளராது. கட்டியபின் புருவம் மேலே இழுபட்டாலோ, தலையில் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். ஒத்திகைக்குச் சவுரி வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முடி குறைவாக இருக்கும் பெண்ணுக்கு முழங்கால்வரை ஜடை வேண்டும் என்று அவள் தாயார் எவ்வளவு வற்புறுத்தினாலும், 100 கிராமுக்கு மேல் நான் வைப்பதில்லை. இடுப்பளவு ஜடையில் நெருக்கமாகத் தாழம்பூவும் கனகாம்பரமும் தைத்தால் புகைப்படத்தில் நிறைவாகவே தெரியும்.

எத்தனை பார்த்துப் பார்த்துப் பேணினாலும் ஒரு நாள் நுனி மெலிந்துவிடும். அப்போது தூக்கிப் போடவேண்டாம். மெலிந்த நுனியை நறுக்கிவிட்டால் 24 அங்குலம் 16 அங்குலமாகும், சிறுமிகளின் பின்னலுக்கு அது சரியான அளவு. அதுவும் குட்டையானபின் வலைக்குள் சுருட்டி வைத்துக் கொண்டைக்கு உள்ளே கொடுக்கலாம். ஸ்பாஞ்ச் வளையத்தைவிட இதில் ஊசி நன்றாகப் பிடிக்கும். என்னிடம் இருக்கும் பெரும்பாலான கொண்டை உருண்டைகள் ஒரு காலத்தில் நீளச் சவுரியாக இருந்தவைதான்.